ஆயா காய்ச்சினால் கள்ளச்சாராயம், ஐயா காய்ச்சினால் கிராஃப்ட்

போன மாதம் திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மணலியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான்.

"அண்ணா, நீ பீர் காய்ச்சுற வேலைலருந்து விஸ்கி காய்ச்சுற வேலைக்குப் போயிட்டியாமே. நல்ல சம்பளமாமே. அதுக்கு இன்னா படிக்கணும்? எப்டி உள்ள போறது?"

நியாயமான கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், சொன்னது பாதிப் பதில் என்று உறைத்தது. மீதியை அவனுக்கும், அவனைப் போன்ற தம்பி தங்கைகளுக்கும், நம் தோழர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவனுக்குச் சொன்ன பாதி.

பீர் காய்ச்சத் தெரிந்தவனுக்கு விஸ்கி பாதி தெரியும். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தச் சாற்றை வடித்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால் புளித்து ஆல்கஹால் உண்டாகும். பீர்க்காரன் நடுவில் சாற்றைக் கொதிக்கவைத்து ஹாப்ஸ் போடுவான். விஸ்கிக்காரன் ஹாப்ஸ் போடமாட்டான். புளித்ததைச் செம்புக் கொப்பரையில் ஏற்றி, ஆவியாக்கி, குளிரவைத்துப் பிடிப்பான். பெரும்பாலும் இரண்டு முறை. முதல் முறை வடிப்பதில் ஆல்கஹால் 20 சதவீதத்தைச் சுற்றி இருக்கும், இரண்டாம் முறையில் 70 சதவீதத்தை ஒட்டி வரும். அந்த இரண்டாம் முறையில்தான் கைத்திறன் இருக்கிறது. முதலில் சொட்டுவதை ஒதுக்க வேண்டும், நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், கடைசியில் வருவதைத் திரும்பக் கொப்பரைக்கே அனுப்ப வேண்டும். எங்கே வெட்டுவது என்பதைக் கருவி ஓரளவு சொல்லும், மிச்சத்தை மூக்கு சொல்ல வேண்டும். அதன் பிறகு மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 வருடம் என்பது சட்டம். அங்கே பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகிப் போனால், பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடும். சூடு அதிகம் என்பதால் இங்கே சரக்கு சீக்கிரம் பழுக்கும்.

படிப்பு? கான்பூரில் தேசிய சர்க்கரை நிறுவனம் இருக்கிறது. புனே பக்கத்தில் வசந்ததாதா சர்க்கரை நிறுவனம் இருக்கிறது. இரண்டிலும் ஆல்கஹால் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறார்கள். காசு இருந்தால் எடின்பரோவில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம். நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு வழி, 2011 வாக்கில் பெங்களூரில் முளைக்கத் தொடங்கிய மைக்ரோபுரூவரிகளில் உதவியாளாகச் சேர்வது. நான் அப்படித்தான் போனேன். முதல் வருடம் பீர் காய்ச்சவே இல்லை. காஸ்டிக் சோடாவில் தொட்டி கழுவினேன். அப்புறம் காய்ச்சவிட்டார்கள். சில வருடங்கள் கழித்து, இப்போது வேலை பார்க்கும் டிஸ்டில்லரிக்கு மாறினேன்.

இதுவரை தம்பிக்குச் சொன்னது. சொல்லாமல் விட்டது இனிமேல்.

"குடும்பத்தில் யாராவது இந்தத் தொழிலில் உண்டா?"

பெங்களூரில் நான் போன முதல் நேர்காணலில் இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார்கள். இன்னொரு பையன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவன். ஹாஸ்டல் குளியலறையில் பீர் காய்ச்சிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். "பேஷன்" என்று பாராட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் குடும்பத்தில் யாராவது இந்தத் தொழிலில் உண்டா?" என்று கேட்டார்கள்.

"இல்லை சார்" என்றேன்.

பொய். என் ஆயா சாராயம் காய்ச்சியவர்.

எண்ணூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய முள்ளுக்காட்டில் காய்ச்சினார். 1974-ல் மறுபடி மதுவிலக்கு வந்து 1981-ல் கடை திறக்கும் வரைக்குமான காலம் அது. தாத்தா துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் மூட்டை தூக்கியவர். மூட்டை சரிந்து இடுப்பு போனது. நிரந்தரத் தொழிலாளி இல்லை என்பதால் இழப்பீடு ஒரு பைசா வரவில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். ஆயாவுக்கு அவர் அம்மாவிடமிருந்து தெரிந்த ஒரே தொழில் இது.

வெல்லம், வேலம்பட்டை, தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் ஒதுக்கிப்போட்ட பழம். பானையில் போட்டு வாயைக் கட்டி மண்ணில் புதைத்து ஒரு வாரம் விடுவார். அதற்குப் பெயர் ஊறல். "500 லிட்டர் ஊறல் அழிப்பு" என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்களே, அந்த ஊறல்தான். நான் இன்று டிஸ்டில்லரியில் 'வாஷ்' என்று எழுதும் பொருளும் அதுதான். ஊறியதும் பானையை அடுப்பேற்றி, மேலே இன்னொரு பானை கவிழ்த்து, அதன் மேல் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டி. தண்ணீர் சுடச்சுட மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சொட்டுவதை மண்ணில் ஊற்றிவிடுவார். "மொதல்ல வர்றது பேய்க்கு நைனா, மனுசனுக்கு ஆவாது" என்பார். அப்புறம் ஒரு துளியைக் கரண்டியில் எடுத்துத் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பார். நீலமாக எரிய வேண்டும்.

டிஸ்டில்லரியில் நான் சேர்ந்த முதல் வாரம், முதலில் வடிவதை ஏன் ஒதுக்க வேண்டும் என்று மூத்தவர் ஒருவர் கரும்பலகையில் எழுதி விளக்கினார். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். ஆயா சொன்ன பேயை அவர் வேதியியல் பெயரில் சொன்னார்.

ஆயா மூன்று முறை பிடிபட்டார். பானையை உடைத்தார்கள், ஊறலைக் கொட்டினார்கள், அடித்தார்கள், மாமூலும் வாங்கினார்கள். என் ஆயாவின் பெயர் அரசாங்கக் காகிதத்தில் முதன்முதலில் ஏறியது எஃப்.ஐ.ஆரில்தான். ரேஷன் அட்டையெல்லாம் அதற்கப்புறம். குளியலறையில் பீர் காய்ச்சியவன் கதை நேர்காணலில் தகுதியானது. ஆயாவின் கதையை நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்குமா?

யார் காய்ச்சலாம் என்று யார் தீர்மானித்தது?

இதைத் தனிப்பட்ட சோகக் கதையாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இதற்குச் சட்ட வரலாறு இருக்கிறது.

1886-ல் மெட்ராஸ் அப்காரி சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் காய்ச்சுவதும் இறக்குவதும் விற்பதும் குற்றமாயின. வெள்ளைக்காரனுக்கு நம் உடல்நலத்தின் மேல் அக்கறை எதுவும் இல்லை. அவனுக்கு வேண்டியது கலால் வருமானம். வீட்டுக்கு வீடு காய்ச்சினால் வரி வசூலிக்க முடியாது. காய்ச்சுவதைச் சில பெரிய கைகளுக்கு ஒப்படைத்தால் முடியும். பம்பாய் மாகாணத்தில் 1892-ல் இலுப்பைப் பூவைச் சேர்த்து வைப்பதற்கே கட்டுப்பாடு போட்டுச் சட்டம் வந்தது. ஆதிவாசிக்கு அந்தப் பூ உணவு, மருந்து, மது எல்லாம்.

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் வந்தது. அப்போதும் வசதியானவர்களுக்கு 'பெர்மிட்' இருந்தது. உடல்நலத்துக்குத் தேவை என்று சான்று காட்டினால் சீமைச் சரக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆக, பெரிய வீட்டில் குடித்தால் மருந்து, சேரியில் குடித்தால் குற்றம். 1971-ல் கடை திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் மீண்டும் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் வந்தது. 1987-ல் கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் மூடினார்கள். மிச்சமிருந்தது ஆலையில் தயாராகும் 'சீமைச் சரக்கு' மட்டும். 2003 நவம்பரிலிருந்து அதன் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24-ல் இதில் அரசுக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். சரக்கைத் தயாரித்துக் கொடுப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய தனியார் ஆலைகள்.

அந்தச் சரக்கு என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். தொழில்காரன் சொல்கிறேன், நம்புங்கள். இந்தியாவில் விஸ்கி என்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹால். அதில் நிறமும் மணமும் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று பெயரிட்டு விற்கச் சட்டம் அனுமதிக்காது. ஆயா வெல்லத்தில் காய்ச்சினார், ஆலை கழிவுப்பாகில் காய்ச்சுகிறது. ஆயாவுக்கு லாக்கப், ஆலைக்கு லைசென்ஸ்.

இதோடு 1982-ல் வந்த 14-ஆம் எண் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாம் குண்டர் சட்டம் என்று சொல்வது. விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். அந்தச் சட்டத்தின் நீளமான தலைப்பில் குண்டர்களுக்கு முன்னாலேயே நிற்பவர்கள் கள்ளச்சாராயக்காரர்கள். அதே பட்டியலில் 'குடிசைப் பகுதி அபகரிப்பாளர்'களும் உண்டு. வட சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் யார் முகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

மெத்தனால் எங்கிருந்து வருகிறது?

"அப்போ கள்ளச்சாராயத்தை ஆதரிக்கிறியா? கள்ளக்குறிச்சியில் செத்தது தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு பக்கமும் 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் 60 பேருக்கு மேல். முதலாவது மீனவர் குப்பம். இரண்டாவதில் செத்தவர்களில் பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். கொன்றது மெத்தனால்.

ஒரு விஷயத்தை எல்லோரும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெல்லத்தையோ தானியத்தையோ புளிக்கவைத்துக் காய்ச்சினால் உண்டாகும் மெத்தனால் மிகக் குறைவு. பழத்திலிருந்து சற்று வரும். ஆனால் ஒரு ஊரையே சாய்க்கும் அளவு மெத்தனால் ஊறல் பானையிலிருந்து வருவதில்லை. அது டிரம்மில் வருகிறது. பெயின்ட், பிசின், மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் தொழிற்சாலை ரசாயனம் அது. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. "கண்ணு தெரியல" என்று அலறிக்கொண்டு வருவது அதனால்தான்.

டிரம் எப்படிப் பானையின் இடத்துக்கு வந்தது? யோசித்துப் பாருங்கள். ஊறலுக்கு ஒரு வாரம் வேண்டும். மறைவான இடம் வேண்டும். விறகு வேண்டும், புகை தெரியும், வாடை ஊரைக் கூட்டும். போலீஸ் பானையைத் தேடித் தேடி உடைத்தது. ஆயா போன்றவர்கள் பயந்து விட்டுவிட்டார்கள், அல்லது வயதாகிச் செத்தார்கள். ஆனால் மலிவாகக் குடிக்க வேண்டிய நிலையில் இருந்த உழைப்பாளி அங்கேயேதான் இருந்தான். டாஸ்மாக் குவார்ட்டர் அவன் கூலியைத் தின்றுவிடும். அந்த இடைவெளியில் ஒரு புரோக்கர் நுழைந்தான். அவனுக்கு ஊறலும் வேண்டாம், வேலம்பட்டையும் வேண்டாம். ஒரு ஆட்டோ, இரண்டு கேன், தண்ணீர் போதும். புகை இல்லை, வாடை இல்லை. முதலில் சொட்டுவதை மண்ணில் ஊற்றத் தெரிந்த கை போய்விட்டது. எதை ஊற்றுகிறோம் என்றே தெரியாத கை வந்தது.

பெரும் சாவுகளுக்குப் பிறகு அரசு என்ன செய்தது? கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது. சரி, விஷம் கலந்து விற்பவனுக்கு அது தகும். ஆனால் டிரம் எந்தத் தொழிற்சாலைக் கணக்கில் எழுதப்பட்டு எந்த வாசல் வழியாக வெளியே போனது? அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய அதிகாரி யார்? எண்ணூர், மணலிக்காரர்களாகிய எங்களுக்கு ரசாயன டேங்கர் லாரி புதிதல்ல. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சாலையில்தான் அவை போகின்றன. எந்த டேங்கரில் என்ன போகிறது என்று ஊருக்குச் சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோதும் எங்களுக்கு மூக்கும் கண்ணும்தான் முதலில் தகவல் சொன்னது.

செத்தவர்கள் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் அறிவித்ததும் சமூக ஊடகத்தில் ஒரு கூட்டம் கொதித்தது. "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" அதே கைகள்தான் வார இறுதியில் சிங்கிள் மால்ட் கோப்பையைப் படமெடுத்து, "ஓக், வெனிலா, கொஞ்சம் புகை" என்று எழுதுகின்றன. குடிப்பதில் என்ன வேறுபாடு? கோப்பையைப் பிடித்திருப்பவன் யார் என்பது மட்டும்தான்.

கிராஃப்ட் என்றால் யாருடைய கைத்திறன்?

அம்ருத் நிறுவனம் 2004-ல் கிளாஸ்கோவில் இந்திய சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்தியது. பால் ஜான் கோவாவிலிருந்து வந்தது. 2017 தொடங்கி கோவாவில் கிராஃப்ட் ஜின்கள் வரிசைகட்டின. அவர்களுடைய திறமையில் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. நானும் அந்த வேலையைத்தான் செய்கிறேன், பிடித்துத்தான் செய்கிறேன். என் கேள்வி அந்த 'கிராஃப்ட்' என்ற சொல்லைப் பற்றியது. கைத்திறன் என்று பொருள் வரும் சொல்லை, நூறு வருடமாகக் கையால் காய்ச்சியவர்களுக்கு ஏன் யாரும் தரவில்லை?

அமெரிக்காவில் இதே கதை நடந்திருக்கிறது. டென்னசி மாநிலம் லிஞ்ச்பர்க்கில் ஜாக் டேனியல் என்ற பையனுக்கு விஸ்கி காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர் நாதன் 'நியரஸ்ட்' கிரீன். அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மனிதர். பாட்டிலில் ஏறியது ஜாக் டேனியலின் பெயர். நிறுவனத்தின் 150-ஆம் ஆண்டான 2016-ல்தான் கிரீனின் பங்கு உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது. பிறகு நிறுவனமே அவரைத் தன் முதல் தலைமை டிஸ்டில்லராக ஏற்றது. ஃபான் வீவர் என்ற கறுப்பினப் பெண் 2017-ல் அவர் பெயரிலேயே ஒரு விஸ்கியைக் கொண்டுவந்தார். அதன் மாஸ்டர் பிளெண்டர் ஆனவர் கிரீனின் வழிவந்த விக்டோரியா ஈடி பட்லர். பெயர் திரும்பி வர 150 வருடம் ஆனது. அங்கே ஒரு பெயராவது திரும்பி வந்தது. நம் ஆயாக்களின் பெயர் எஃப்.ஐ.ஆரைத் தவிர எங்கே இருக்கிறது?

இந்தியாவிலேயே வேறு வழி இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டதை அந்த மாநில அரசு 2016-ல் பாரம்பரிய பானம் என்று அறிவித்தது. மத்தியப் பிரதேசம் இலுப்பைப் பூ மதுவைப் பாரம்பரிய மது என்று ஏற்று, ஆதிவாசி சுய உதவிக் குழுக்களுக்குக் காய்ச்ச வழிசெய்தது. இவை முழுத் தீர்வு என்று சொல்லவரவில்லை. குற்றம் என்ற முத்திரை இயற்கையாக ஒட்டியதல்ல, அரசு நினைத்தால் ஒட்டும், நினைத்தால் எடுக்கும் என்பதற்கு மட்டும் இவை சாட்சி. தமிழ்நாட்டில் கள்ளுக்கு ஆதரவாகப் பேச விவசாயச் சங்கங்கள் இருக்கின்றன, அரசியல் கட்சிகள் இருக்கின்றன. "கள் நம் உணவு, நம் பாரம்பரியம்" என்று மேடை போடுகிறார்கள். முள்ளுக்காட்டில் காய்ச்சிய சேரிப் பெண்ணுக்கு யார் மேடை போட்டது?

அம்மாவின் கேள்வி

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். "சாராயத்தைப் புனிதப்படுத்துகிறீர்களா? அம்பேத்கர் என்ன சொன்னார்?" சரியான குறுக்கீடு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அதற்கு வெகுமுன்பே அயோத்திதாசர் மீட்டெடுத்த பௌத்தத்தின் பஞ்சசீலத்திலும் அது இருக்கிறது. கள்ளுக்கடை மறியல் காலத்தில் பெரியார் தன் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டினார். 1992-ல் நெல்லூர்ப் பெண்கள் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பி ஆந்திர அரசையே அசைத்தார்கள். இந்த மரபு என்னுடையதும்தான். அதை நான் எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

விட்டுக்கொடுக்கவும் முடியாது. என் நைனா குடித்துச் செத்தவர். கள்ளச்சாராயம் அல்ல, அரசு முத்திரையிட்ட குவார்ட்டர். பத்து வருடம். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஒரு அரசு மருத்துவமனையின் வராண்டாவில் செத்தார். அம்மாவுக்கு அப்போது வயது 38. மீன் வெட்டப் போய் என்னைப் படிக்கவைத்தார்.

டிஸ்டில்லரி வேலை கிடைத்த அன்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"நீ காய்ச்சறத ஆர்றா குடிக்கிறாங்க?"

"பணக்காரங்கமா. ஒரு பாட்லு ஐயாயிரம், ஆறாயிரம்."

"அப்போ சரி. நம்மாளுங்க குடிக்க மாட்டாங்கல்ல."

அம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஆயா காய்ச்சியதைத் தாத்தாவோடு மூட்டை தூக்கியவர்கள் குடித்தார்கள். நான் காய்ச்சுவதை அவர்களின் பேரன்கள் தொடக்கூட முடியாது. அவர்களுக்குக் கழிவுப்பாகு குவார்ட்டர், அதற்கும் வழியில்லாதவனுக்கு மெத்தனால். நல்ல சரக்கு மேலே, கெட்ட சரக்கு கீழே என்று சாதி அடுக்கு அப்படியே பாட்டிலில் இறங்கியிருக்கிறது.

அம்பேத்கரின் உறுதிமொழியையும் அரசின் தடியையும் ஒன்றாக்காதீர்கள் என்பதே குறுக்கிடும் தோழருக்கு என் பதில். அது சுயமரியாதையோடு எழுந்து நின்ற மக்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டது. இது சேரிக்குள் மட்டும் நுழையும் ரெய்டு. குடிக்காதே என்று சேரியில் போய்ச் சொல்லும் உரிமை என் அம்மாவுக்கு உண்டு. 45,000 கோடி எண்ணும் அரசுக்கும், வார இறுதியில் கோப்பையைப் படமெடுப்பவருக்கும் கிடையாது.

நாம் கேட்க வேண்டியது

முதலாவது, மெத்தனால். இறக்குமதியிலிருந்து கடைசி டிரம் வரை கணக்கு வேண்டும், அந்தக் கணக்கை மக்கள் பார்க்க முடிய வேண்டும். வாயில் வைக்க முடியாத கசப்புப் பொருளைக் கலந்துதான் விற்க வேண்டும் என்று விதி போடுங்கள். கணக்கில் வராத டிரம்முக்கு ஆலை நிர்வாகமும் அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும். வட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மெத்தனால் நச்சுக்கான மாற்று மருந்து எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பிழைப்புக்காகச் சிறு அளவில் காய்ச்சியவர்கள் மேல் நிலுவையில் இருக்கும் பழைய வழக்குகளைத் திரும்பப் பெற வேண்டும். விஷ வியாபாரியையும் ஊறல் போட்ட கிழவியையும் ஒரே சொல்லால் அழைப்பதை நிறுத்த வேண்டும். நம் தோழர்கள் எழுதும் கட்டுரைகளும் இதில் சேர்த்தி.

மூன்றாவது, சிறு அளவில் வடிப்பதற்குத் தமிழ்நாடு என்றைக்காவது லைசென்ஸ் தருமானால், அது கோடி ரூபாய் வைப்புத்தொகை கேட்கும் லைசென்ஸாக இருக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்காகச் சிறைப்பட்ட சமூகங்களின் கூட்டுறவுகளுக்கு முதல் இடம் வேண்டும். அப்படி ஒரு லைசென்ஸே வேண்டாம், கடைகளைக் குறைக்கிறோம் என்றால் அதையும் வரவேற்போம். குறைப்பதைச் சேரி வாசலிலும் ஆலை வாசலிலும் உள்ள கடைகளிலிருந்து தொடங்குங்கள். 2023 ஜூனில் 500 கடைகளை மூட முடிந்த அரசுக்கு இதுவும் முடியும்.

நான்காவது, வேலை. இந்தத் தொழிலில் தொட்டி கழுவுபவர்களைப் பார்த்தால் நம்மாட்கள். சுவைத்துப் பார்த்து முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் வேறு ஆட்கள். மூக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற கோரிக்கையை ஐ.டி. கம்பெனி வாசலோடு நிறுத்திவிடாதீர்கள்.

தம்பி, இப்போது உனக்கு. வேலைக்குப் போ. தொட்டி கழுவுவதில் வெட்கப்படாதே. அங்கேயே நின்றுவிடவும் செய்யாதே. வெட்டுப்புள்ளியைக் கற்றுக்கொள், தேர்வுகளை எழுது, பெயரை வாங்கு. வாங்கும் சம்பளத்துக்காக அம்மாக்களின் கோபத்தை மறந்துவிடாதே.

நேர்காணலில் உன்னிடமும் கேட்பார்கள், குடும்பத்தில் யாராவது இந்தத் தொழிலில் உண்டா என்று. நான் இல்லை என்றேன். நீ அப்படிச் சொல்லாதே. உண்டு என்று சொல். எந்த ஊர், எந்தக் காடு, எத்தனை வழக்கு என்று கேட்டால் அதையும் சொல். அவர்கள் நாற்காலியில் நெளிந்தால் நெளியட்டும்.